நாலு நாள் கெடு

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில் நின்ற மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் போனது. இன்டர்நெட்டும் போனது.

அந்தச் சாலையில் இருந்த சிறிய சரக்கு ஏஜென்சி ஒன்றில் அவள் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். வயது 23. மீஞ்சூரிலிருந்து புதன்கிழமைதான் வந்து சேர முடிந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் வழக்கம்போல கன்டெய்னர் ஆவணங்களைத் தயார்செய்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திங்கள் மதியத்திலிருந்து அந்த மெயில்கள் எதுவும் அலுவலகத்தைத் தாண்டவில்லை. மூலையில் இருந்த பழைய சர்வருக்குள் வரிசையாகக் காத்துக் கிடந்தன.

“போன வருஷ மழையில இப்படித்தான் லைன் போச்சு. நாலு நாள் கழிச்சு எல்லா மெயிலும் திரும்பி வந்துடுச்சு. எது போச்சு, எது போகலைன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆச்சும்மா. டெமரேஜ் கட்டினோம்” என்றார் மேனேஜர்.

நாலு நாள் என்றால் வெள்ளி மதியம். கையில் இரண்டு நாள்தான்.

அந்த சர்வரை நிறுவியவர் அவளுக்கு முன்னால் வேலை பார்த்த அண்ணன். அவர் மஸ்கட் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போன் கிடைக்கவில்லை. கூகுளில் தேடாமல் அவள் அதுவரை ஒரு வேலையும் செய்ததில்லை. இப்போது கூகுளும் இல்லை.

கிளம்பும்போது அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. “தங்கச்சி, எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி டாக் ஃபோல்டரைப் பாரு.” அன்று அவள் சிரித்துவிட்டாள். இந்தக் காலத்தில் யார் மேனுவல் படிப்பார்கள்?

திறந்து பார்த்தாள். படம் இல்லை, வண்ணம் இல்லை. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட வெறும் எழுத்துக் கோப்பு. ஆனால் அத்தியாயம் அத்தியாயமாக எண் போட்டுப் பிரித்திருந்தது. மறுமுயற்சி பற்றிய அத்தியாயத்தை எடுத்து, அகராதி ஆப்பின் துணையோடு மெதுவாகப் படித்தாள்.

விஷயம் எளிமையாக இருந்தது. போகாத மெயிலை சர்வர் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கும். பிறகு ஒரு மணி நேர இடைவெளி; அது ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மடங்காகக் கூடும். 16 மணி நேரம் கடந்தபின் 6 மணிக்கு ஒருமுறை. 4 நாள் முடிந்தால் கைவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். இவ்வளவும் ஒரே வரியில் எழுதப்பட்ட விதி. அதில் 4 என்பதை 10 ஆக்கினால் போதும்.

அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை, டெபியன் லினக்ஸ்காரர்கள் தனியாக எழுதி வைத்திருந்த ரீட்மி சொன்னது. மாற்றியதில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கவும் வழி இருந்தது. வியாழன் மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது.

சனிக்கிழமை இன்டர்நெட் வந்தது. நானூறு சொச்சம் மெயில்களும் ஒன்றுகூடத் திரும்பாமல் போய்ச் சேர்ந்தன. வெளியூர்களிலிருந்து வரவேண்டியவையும் ஒவ்வொன்றாக வந்தன. அனுப்பும் சர்வர் குறைந்தது 4, 5 நாளாவது விடாமல் முயல வேண்டும் என்பது மின்னஞ்சலின் உலகப் பொது விதி. இவளைப் போலவே எங்கெங்கோ இருந்த சர்வர்களும் காத்திருந்தன.

அந்த மென்பொருளின் பெயர் எக்ஸிம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பிலிப் ஹேசல் 1995-இல் அதை எழுதத் தொடங்கினார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம். நிரலோடு நிற்காமல், புத்தகம் போன்ற அந்தக் கையேட்டையும் அவரே எழுதினார். 2007-இல் அவர் ஓய்வு பெற்ற பிறகும் மற்றவர்கள் அதைப் புதுப்பித்து வருகிறார்கள்.

கையேட்டின் மூலம் ஒன்றுதான். அதிலிருந்து பல வடிவங்கள் பிறக்கின்றன. பிரவுசரில் படிக்க எச்டிஎம்எல், அச்சிட பிடிஎஃப், எதுவுமே இல்லாத நேரத்துக்கு வெறும் எழுத்து. பார்க்க அழகில்லாத அந்தக் கடைசி வடிவம்தான் புயலில் கைகொடுத்தது. கறுப்புத் திரையும் விசைப்பலகையும் இருந்தால் போதும், அதைப் படித்துவிடலாம்.

தமிழிலும் இப்படி யோசிப்பவர்கள் உண்டு. 2012-இல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை கிண்டிலுக்கு, போனுக்கு, அச்சுக்கு எனத் தனித்தனி வடிவங்களில் இலவசமாகத் தருகிறது. வாசகர் கையில் எந்தக் கருவி இருக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதும் ஒரு விருந்தோம்பல்தான்.

அந்த வாரமே அவள் ஒரு கோப்பைத் தொடங்கினாள். வெறும் எழுத்து, தமிழில். ‘லைன் போனால் முதலில் செய்ய வேண்டியது’ என்பது முதல் தலைப்பு. எந்த வரியை மாற்றினாள், ஏன் மாற்றினாள், பழைய எண் என்ன என்று தேதி போட்டு எழுதினாள். ஒரு பிரதியை அச்சிட்டு சர்வர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள்.

பிறகு கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் எண்ணூரையும் மூழ்கடித்தபோது, பழைய அலுவலகத்திலிருந்து எப்படியும் போன் வரும் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, அவள் பார்த்தேயிராத புதுப் பையனிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது.

“அக்கா, நீங்க எழுதி வெச்சதைப் பார்த்தே செஞ்சிட்டேன். கடைசியில ரெண்டு வரி நானும் சேர்த்திருக்கேன்.”