ஆறாயிரமும் ஏழாயிரமும்

விலை குறைந்த இரண்டு கைப்பேசிகளை ஒப்பிட்டு ஒன்றைச் சிபாரிசு செய்வது, விலை உயர்ந்த இரண்டை ஒப்பிடுவதைக் காட்டிலும் பொறுப்பு மிகுந்த காரியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர், வாங்கியது பிடிக்காவிட்டால் அடுத்த வருஷமே வேறொன்றுக்கு மாறிவிடுவார். சீட்டுப் போட்டு ஆறாயிரம் சேர்த்தவருக்கோ, அந்த ஒரே சாதனம் கடிகாரமாகவும் காமிராவாகவும் தபால்காரராகவும் உழைக்க வேண்டியிருப்பதால், தேர்வில் நேர்ந்த குறை மூன்று நான்கு வருஷங்களுக்கு அவருடைய அன்றாட வாழ்க்கையிலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

2014ஆம் வருஷம் இந்த விஷயத்தில் நம் தேசத்துக்கு விசேஷமானது. மே மாதத்தில் மோட்டோரோலா நிறுவனம் மோட்டோ ஈ என்ற போனை 6,999 ரூபாய்க்கு வெளியிட்டது. செப்டம்பரில் சீன நிறுவனமான ஷாவ்மி, ரெட்மி 1எஸ் என்பதை 5,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இரண்டும் பிளிப்கார்ட் மூலமாகவே விற்பனையாயின. பின்னது, முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு, குறித்த நாழிகையில் முந்தினவர்களுக்கே கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அக்காவிடம் முன்னதும், அவர் மகனிடம் பின்னதும் புழங்கியமையால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ரெட்மியின் பக்கமே கனக்கும். மோட்டோவுக்கு 4.3 அங்குலத் திரை, ரெட்மிக்கு 4.7, முன்னதில் இருகரு ஸ்னாப்டிராகன் 200, பின்னதில் நாற்கரு ஸ்னாப்டிராகன் 400, சேமிப்பிடம் 4 ஜிபியும் 8 ஜிபியும், ராம் இரண்டிலும் ஒரே ஜிபி. ஆனால் இத்தகைய எண்களின் கூட்டல் கழித்தலால் ஒரு போனின் பிரயோஜனத்தை நிர்ணயிக்க இயலாது.

காமிராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மெகாபிக்சல், 8 மெகாபிக்சல் என்ற வித்தியாசத்தை விளம்பரங்கள் பெரிதுபடுத்தின. எனக்கு அது அற்பமாகவே தோன்றியது. உண்மையான பேதம், மோட்டோ ஈயின் காமிரா குவியம் மாறாதது என்பதிலேதான் இருந்தது. எதிரே நிற்கும் மனிதரைத் தெளிவாகப் பிடிக்கும் அந்த லென்ஸ், ரேஷன் கார்டையோ பாஸ்புக்கையோ கிட்டத்தில் வைத்தால் எழுத்துக்களைக் கலங்கலாக்கிவிடும். ரெட்மியின் லென்ஸ் தானே குவியத்தைச் சரிசெய்துகொள்ளும். ஜெராக்ஸ் கடைக்கு நடக்க நேரமில்லாத எளிய மக்களுக்குக் காமிரா என்பது பெரும்பாலும் காகிதங்களைப் படி எடுத்து அனுப்பும் கருவியாயிற்றே! மேலும் மோட்டோ ஈயில் முன்புறக் காமிராவே கிடையாது. 2016ஆம் வருஷக் கடைசியில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தபோது, தொலைதூரத்தில் வேலை பார்க்கும் மகனுடைய முகத்தைத் தாய் அதில் காணலாம், தன் முகத்தை அவனுக்குக் காட்ட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அக்காவின் போனை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆண்ட்ராய்டின் 5.0 பதிப்பிலேதான் கூகுள், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளம், மராத்தி ஆகிய மொழிகளை இடைமுகத்தில் சேர்த்தது; மோட்டோ ஈக்கு அந்தப் பதிப்பு 2015இல் வந்து சேர்ந்தது. ரெட்மி 1எஸ்ஸின் மேலுறையான எம்ஐயுஐ புதுப்பிக்கப்பட்டதே தவிர, அடித்தளமான ஆண்ட்ராய்டு 4.4ஐத் தாண்டவேயில்லை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு ஸ்திரீ, மகனை அழைத்துக் கேளாமல், அமைப்புகளின் பட்டியலைத் தானே படித்து மணியோசையின் அளவைக் குறைத்துக்கொண்டதைப் பார்த்தபோது நான் அடைந்த சந்தோஷத்துக்கு எந்த மெகாபிக்சலும் ஈடாகாது.

ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தன் கொள்ளளவை இழக்கத் தொடங்குவது அதன் இயற்கை. ரெட்மியின் முதுகு மூடியைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை எவரும் செருகிவிடலாம். மோட்டோவின் மூடி கழன்றாலும் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. இப்போது வரும் குறைந்த விலைப் போன்களில் ஏறக்குறைய அனைத்தும் மோட்டோவின் வழியையே பின்பற்றுவது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

வீட்டில் ஒரே போன்தான் என்றால் ரெட்மி 1எஸ்ஸையே தேர்ந்திருப்பேன்; தமிழ் மட்டும் தெரிந்தவர் தமக்கென்று வாங்குவதானால் மோட்டோ ஈயைச் சொல்லியிருப்பேன். அந்த இரண்டும் இன்று கடைகளில் இல்லை. ஆனாலும் உங்கள் தாயாருக்கோ தகப்பனாருக்கோ ஒரு சாதாரணப் போன் வாங்கப் போகும்போது, தயவுசெய்து அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ரேஷன் கார்டைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரை வரும், பேட்டரி மாற்ற என்ன செலவாகும் என்று விசாரியுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றி, அவர்கள் கையிலேயே கொடுத்துச் சிறிது நேரம் படிக்கச் சொல்லுங்கள்.