அழகரைப் பார்க்கப் போறீங்களா?

இந்த வாரம் மதுரையில் எந்த வீட்டிலும் அடுப்பு நேரத்துக்கு எரியாது. மீனாட்சிக்குக் கல்யாணமாச்சே! அம்மன் கழுத்தில் மாங்கல்யம் ஏறும் நிமிஷம், கூட்டத்திலிருக்கும் சுமங்கலிகளும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மறுநாள் மாசி வீதிகளில் தேர்.

பௌர்ணமியை ஒட்டி அழகர் வருகிறார். மாசியில் நடந்த கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரண்டு விழாவையும் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். எதிர்சேவைக்குப் பெண்கள் செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை போட்டு, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி நிற்பதைப் பார்க்கணுமே! அந்தச் சர்க்கரையை அக்கம்பக்கம் கொடுத்துவிட்டுத்தான் வாயில் போடுவது. தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம்.

கைக்குழந்தைக்காரிகளே, விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்கும் இடத்துக்கு மட்டும் போகாதீங்க. 2022-இல் அங்கே நெரிசலில் இரண்டு உயிர் போனது. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதானே வருகிறார்! புதூர்ப் பக்கம் ஏதாவது சின்ன மண்டகப்படியில் பார்த்தால் குழந்தையும் பத்திரம், சாமியும் நிதானமாய்த் தெரிவார். நடக்கிற பிள்ளையென்றால் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்க. காய்ச்சி ஆறிய தண்ணீர் கையோடு இருக்கட்டும். நகையெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், மஞ்சள் கயிறு போதும்.

ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், விடிய விடிய. மோகினி வருவதற்குள் பிள்ளைகள் மடியில் தூங்கிப்போகும். நாம் பார்க்கலாம்.