ஆதுலர் சாலையும் காப்பீட்டு அட்டையும்

மருத்துவத்தில் அரசுக்கு என்ன வேலை என்னும் கேள்வி எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அவ்வப்போது எழும். "அரசு கட்டணத்தை மட்டும் செலுத்தட்டும், மக்கள் தமக்கு உகந்த மருத்துவமனைக்குச் செல்லட்டும்" என்பார் பொருளியல் துறை நண்பர்.

அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது; 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. சிறு தென்னந்தோப்பு ஒன்றே உடைமையாகக் கொண்ட என் மைத்துனருக்கு இதய அறுவை நடந்தபோது அந்த அட்டைதான் கைகொடுத்தது. இல்லையேல் தோப்பு கைமாறியிருக்கும்.

ஆனால் என் தாயாரின் நிலை வேறு. அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாதந்தோறும் பேராவூரணி அரசு மருத்துவமனை வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறார். முன்னும் பின்னும் நிற்போர் பெரும்பாலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள். காப்பீடு பெரிதும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அது வாராது. அம்மாத்திரை தடைப்பட்டால்தான் அறுவை வரை செல்ல நேர்கிறது.

இந்த வரிசைக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

தமிழ் படித்தவனுக்கு இங்கே திருமுக்கூடல் கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பு. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்கிருந்த ஆதுலர் சாலைக்கு 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள், அவர்களுக்குரிய ஊதியம் யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அது கோயிலில் பயில்வோர்க்கும் பணியாளர்க்கும் உரியது. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. எனினும், நோய் வந்தபின் பொருள் தருவதினும் மருத்துவரையும் மருந்தையும் முன்கூட்டியே ஓரிடத்தில் நிலைநிறுத்துவதே கடமை என்னும் எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் வருபவரைச் சிறு ஊர் மருத்துவமனை தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுவதுண்டு. இங்கிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. அவ்வழியில் என் உறவினர் ஒருவரை இழந்திருக்கிறேன். அந்த இரவில் அவரிடமும் காப்பீட்டு அட்டை இருந்தது. அருகில் சிறப்பு மருத்துவர்தான் இல்லை.

ஆகவே என் துணிபு இது: அட்டை வேண்டும், ஆனால் அது மருத்துவமனைக்கு மாற்றாகாது. காப்பீட்டுக்குச் செலவிடும் அரசு, பேராவூரணி போன்ற ஊர்களில் இரவுப் பணிக்கு மருத்துவர் இருப்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். நண்பர் இதற்கு இன்னும் உடன்படவில்லை. ஆயினும் அந்த 70 கி.மீ.க்கு அவரிடமும் விடையில்லை.