தௌலதாபாத் குளமும் எல்லோராக் குகைகளும்

அவுரங்காபாத் பயிற்சி முகாம் முடிந்ததும் கிடைத்த ஒரு நாளில் நாங்கள் 11 பேர் தௌலதாபாத் கோட்டைக்கும் எல்லோராவுக்கும் போனோம். கோட்டை வாசலில் டிக்கெட் மட்டும்தான் கேட்டார்கள்.

1934-இல் இதே வழியாக எல்லோரா பார்க்கக் கிளம்பிய அண்ணல் அம்பேத்கருக்கும் அவரோடு வந்த சுமார் 30 தோழர்களுக்கும் நடந்தது வேறு. வாசலருகே இருந்த குளத்தில் சிலர் புழுதி போக முகம், கால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் திரண்டது. திரண்டவர்கள் இசுலாமியர்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். மகாட் சவுதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீண்டாமை ஒரு மதத்தோடு நிற்பதில்லை என்பதற்குச் சாட்சியாக இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களை வாசலில் நின்று சத்தமாக வாசித்தோம்.

எல்லோராவின் 34 குகைகளில் முதல் 12 பௌத்தக் குகைகள். 10-ஆம் குகையின் புத்தர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். 16-ஆம் குகையான கைலாசநாதர் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. வழிகாட்டி இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் பெயரைச் சொன்னார். உளி பிடித்தவர்களைப் பற்றிக் கேட்டோம். "கூலியாட்கள்தான்" என்று அடுத்த தூணுக்கு நகர்ந்துவிட்டார்.

தோழர்களே, சுற்றுலா போங்கள், செல்ஃபி எடுங்கள். அங்கே கல்லை வெட்டியவர் யார், தண்ணீர் மறுக்கப்பட்டவர் யார் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேடிப் படித்து அடுத்து வருபவருக்குச் சொல்லுங்கள்.