பெரியதாழையில் எதிர்க்காற்று

திருச்செந்தூரிலிருந்து உவரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில், குலசேகரன்பட்டினம், மணப்பாடு தாண்டிப் பெரியதாழை வரும். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் மீனவர் ஊர். ஒரு பக்கம் பனையும் செம்மணல் தேரியும், மறுபக்கம் கடல்.

நான் போனது ஜூன் மாதம். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசியது. தூண்டில் வளைவுக் கற்களில் அலை மோதிச் சிதறியது. நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம், "கடலுக்குப் போகலையா அண்ணாச்சி?" என்றேன்.

"இந்தக் காத்துல தெக்கே போறது லேசில்ல தம்பி" என்றார், தலை நிமிராமல்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. வேம்பாற்றிலிருந்து குமரி முனை வரை நீளும் இந்த முத்துக்குளித்துறையில் பரதவர் கிறிஸ்தவம் தழுவிப் பத்தாண்டுகூட ஆகாத காலம். அரசர்களுக்குள் நடந்த சண்டையில், வடுகர் படை குமரி முனைப் பகுதி ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

செய்தி மணப்பாட்டில் இருந்த பிரான்சிஸ் சவேரியாருக்கு எட்டியது. இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அந்த உணவுக்கான உதவியைத் திரட்டும்போதும், இல்லாதவர்களை வற்புறுத்தி வாங்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். எட்டு நாள் கடலில் போராடியும் எதிர்க்காற்று விடவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கரைவழியே குமரிக்கு நடந்தார். நேர்கோட்டில் அளந்தாலே அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

தன்னை நம்பியவர்களுக்காக நடந்ததில் வியப்பில்லை என்று நீங்கள் சொல்லலாம். அடுத்து நடந்ததுதான் என்னை உறுத்துகிறது.

அப்போது தூத்துக்குடியில் போர்ச்சுகீசியத் தளபதியாக இருந்தவர் கோஸ்மே தே பைவா. அவருடைய போக்கைச் சவேரியார் தட்டிக்கேட்டார். தளபதிக்கு அது பிடிக்கவில்லை. சவேரியார் தனக்குத் தீங்கு செய்ததாகவே குறை சொல்லிவந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியைத் தாக்கினார்கள். தளபதியின் வீடும் கப்பலும் தீக்கிரையாயின. அவர் தீவுக்குத் தப்பி ஓடினார்.

ஆலந்தலையில் இருந்த சவேரியார் செப்டம்பர் 5-ஆம் தேதி தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு அவசரக் கடிதம் எழுதினார். தண்ணீரும் உணவும் ஏற்றிய தோணிகளோடு உடனே போய்த் தளபதிக்கு உதவுங்கள் என்பதுதான் செய்தி. ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் அப்படியே எழுதினார். தன்னைக் கண்டால் தளபதிக்குப் பிடிக்காது என்பதால்தான் தாமே போகவில்லை. ஆனால் தோணி போயாக வேண்டும். தளபதி செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தாகத்தில் தவிப்பவனிடம் கணக்குத் தீர்க்கவுமில்லை.

இதை அந்தக் கரையில் நின்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், பொய்க் கணக்கில் நான் கையெழுத்துப் போட மறுத்ததற்காக இரண்டு வருடம் என்னைப் படாதபாடு படுத்தினார். "பெரிய பக்திமான்" என்று எல்லார் முன்னும் கேலி செய்தார். கையெழுத்துப் போடாமல் கடைசிவரை நின்றதில் எனக்குப் பெருமை உண்டு. போன மாதம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. 'கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்' என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட. நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டேன், அதைக் கொடுத்தவரைக் கோட்டை விட்டுவிட்டேன்.

பெரியவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, நமக்குப் பகையாளியோட வள்ளம் கவுந்தா என்ன செய்வீங்க?"

அவர் கை நின்றது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தண்ணியில கெடக்கிறவன்ட்ட சண்டையா பேசுவாவ? மொதல்ல தூக்கி வள்ளத்துல போடணும். சண்டை கரையில இருக்கட்டும், அது எங்க போகப் போவுது?"

மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மணப்பாட்டில் இறங்கினேன். மணல்மேட்டில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயமும், அருகே கடலோரத்தில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் பாருங்கள். குகை வாசலில் நின்று அந்த நண்பருக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார், பேசவில்லை. "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நாளைக்கு ஆபரேஷன்" என்றார்.

நாளைக் காலை அங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.