ஸ்கை தீவில் – 4: ஆடுகளுக்காகக் காலியான ஊர்

கில் கிரீஸ்ட் என்ற கூரையிழந்த பழைய தேவாலயத்தின் அருகே தார்ச்சாலையை விட்டு விலகினேன். சலவைக்கல் குவாரிகளைத் தாண்டி, மேட்டுச் சதுப்பைக் கடந்தால் ஐஷார்ட் கடற்கழி தெரிகிறது. அதன் கரையில் போரரேக்.

வழி நெடுகப் பழுப்புப் புதர்தான். ஊருக்குள் இறங்கியதும் பச்சைப் புல். கடற்பாசியும் சாணமும் சுமந்து கொட்டித் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பண்படுத்திய மண் அது. அவர்கள் உருளைக்கிழங்கு நட்ட மேட்டுப்பாத்திகள் இன்றும் வரிவரியாகத் தெரிகின்றன. நடுநடுவே கனத்த கற்சுவர்கள், கூரையில்லாமல்.

இந்த ஊரை நிலம் கைவிடவில்லை. 1846-இல் வந்த கருகல் நோய் கிழங்குப் பயிரை அழித்தது. குடிகள் வறுமையில் விழுந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மக்டொனால்டு பிரபுவின் எஸ்டேட்டும் கடனில் இருந்தது. பல சிறு குடிகளிடம் வாடகை வசூலிப்பதைவிட ஆட்டுப் பண்ணைக்கு விடுவது லாபம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. 1853-இல் போரரேக்கையும், மேற்கே கடலோர ஒற்றையடிப் பாதையில் உள்ள சூயிஸ்னிஷையும் காலிசெய்யச் சொன்னார்கள். மக்கள் தேவாலயத்துக்குத் தொலைவில் வாழ்கிறார்கள், அவர்கள் நன்மைக்காகவே இது என்று எஸ்டேட் தரப்பு விளக்கம் தந்தது. ஒரு ஊரையே பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்ன அந்த விளக்கம் இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

சூயிஸ்னிஷில் எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகளைத் தடுத்ததாக மூன்று பேரை இன்வெர்னஸ் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மூவரும் விடுதலையானார்கள். ஆனால் குற்றமற்றவன் என்ற தீர்ப்பு குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. வீடு திரும்பியிருந்த குடும்பங்களை அந்தக் குளிர்காலத்திலேயே மீண்டும் வெளியேற்றினார்கள். சிலருக்கு வேறிடத்தில் துண்டு நிலம் கிடைத்தது, மற்றவர்கள் கப்பலேறினார்கள்.

புவியியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் கீக்கி அப்போது இளைஞர். சூயிஸ்னிஷ் மக்கள் ஊரைவிட்டுப் போன ஊர்வலத்தை நேரில் பார்த்தவர். நடக்க முடியாத முதியவர்கள் வண்டிகளில் இருந்ததையும், அழுகுரல் பள்ளத்தாக்கெங்கும் எதிரொலித்ததையும் 1904-இல் வெளியான தன் நினைவுநூலில் பதிவு செய்தார். அரை நூற்றாண்டு கழித்தும் அந்த ஓலம் அவரை விடவில்லை.

பாழ்பட்ட சுவர்களைப் பார்க்கிறவர்கள், வறண்ட தீவு, பிழைக்க வழியில்லாமல் போய்விட்டார்கள் என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். உண்மையில் இந்தக் குடிகளுக்கு இல்லாமல் போனது ஒரு சட்டம்தான். நியாயமான வாடகையையும், வாடகை கட்டுகிறவரை வெளியேற்ற முடியாத பாதுகாப்பையும் தந்த குடியானவர் சட்டம் 1886-இல் வந்தது. போரரேக்குக்கு அது 33 ஆண்டு தாமதம்.

அந்தச் சட்டம் தானாக வரவில்லை. இதே எஸ்டேட்டின் பிரேஸ் மக்கள் 1882-இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீஸாரைக் கல்லெறிந்து எதிர்த்தார்கள். அதில் பெண்களும் முன்னின்றார்கள். மறு ஆண்டு, குடியானவர்களின் நிலையை விசாரிக்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் தன் விசாரணையை அங்கேதான் தொடங்கியது. அடுத்த பகுதியில் பிரேஸுக்குப் போவோம்.