மந்து லேது

என் தங்கைக்கு 21 நாளுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். 11 வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைப் பழுதாக்கிவிட்டுப் போனது. தொண்டையில் அதே கிருமி மீண்டும் தொற்றினால் வால்வு இன்னும் கெடும். அந்தத் தொற்றே வராமல் தடுக்க, பென்சத்தீன் பென்சிலின் 12 லட்சம் அலகு, பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்றார் மருத்துவர். மிகவும் வலிக்கும் ஊசி. ஆனால் விலை மிகக் குறைவு. எங்கள் வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, கிருத்திகையோடு சேர்த்து அந்த நாள்களையும் அம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார்.

நான் ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதலாண்டில் ஒருநாள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஊர் மருத்துவமனையில் அந்த ஊசி இல்லை. பக்கத்து நகரத்துக் கடைகளிலும் இல்லை. வட்டமிட்ட நாளுக்கு இன்னும் 4 நாள்களே இருந்தன. “பெரிய ஊர்ல இருக்கியே, அங்க கிடைக்காதா பாரும்மா” என்றார். இந்தியாவின் மருந்துத் தலைநகர் என்று பெயர்பெற்ற ஊரில் ஒரு பழைய, மலிவான மருந்து கிடைக்காமலா போகும் என்ற நம்பிக்கையில் புறப்பட்டேன். அன்று மாலை 9 கடைகள் ஏறி இறங்கினேன். ஏழு கடைகளில் ஒரே விடை: “மந்து லேது, அம்மா.” எட்டாவது கடைக்காரர் வயதானவர், மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் இங்கே குப்பியில் அடைக்கிறார்கள், அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும் என்று விளக்கினார். ஒன்பதாவது கடையில் 2 குப்பிகள் கிடைத்தன. இரவுப் பேருந்தில் நானே கொண்டு சென்றேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு உறக்கம் வரவில்லை. ‘மந்து லேது’ என்ற தொடர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. மொழியியல் படித்தவர்களுக்கு உள்ள தொழில்நோய் இது. துயரத்திலும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தெலுங்கின் ‘மந்து’ நம்முடைய ‘மருந்து’தான். தமிழில் மருந்து நோய்க்கும் உண்டு, துப்பாக்கிக்கும் உண்டு. வெடிமருந்து என்ற சொல்லை நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். தெலுங்கில் படைக்கலங்களுக்கான வெடிபொருளை ‘மந்துகுண்டு’ என்பார்கள். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. மராத்தியில் வெடிபொருளைக் குறிக்கும் ‘தாரூகோளா’ என்ற தொடரில் உள்ள ‘தாரூ’, பாரசீகத்தில் மருந்து என்னும் பொருள்கொண்ட சொல். பீரங்கி இந்த நாட்டுக்குள் வந்தபோது, அதனுள் இட்ட கரும்பொடிக்கு இத்தனை மொழிக்காரர்களும் மருந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதை அளவுக்கு மீறி இழுத்துப் பொருள்கொள்வது தவறு. இரண்டுமே இடித்து, அரைத்து, அளந்து கலக்கும் பொடிகள் என்பதால் அப்பெயர் பொருந்தியிருக்கலாம். ஆயினும் அன்றிரவு எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஓர் எல்லைக் காவல்நிலையில் ‘மருந்து இல்லை’ என்றால் அதைத் தேசப் பாதுகாப்பின் தோல்வி என்போம். ஒரு மாவட்ட மருத்துவமனையில் ‘மருந்து இல்லை’ என்றால் அதை ஏன் வெறும் வினியோகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்?

பென்சிலினின் வரலாறே இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. 1928இல் ஃபிளெமிங் கண்டறிந்த பூஞ்சைப் பொருள், ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோரின் உழைப்பால் மருந்தாகி, 1941இல் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1942 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரே ஒரு பெண்ணைக் காப்பாற்ற, அந்நாட்டின் மொத்தக் கையிருப்பில் ஏறக்குறைய பாதி செலவாயிற்று என்பர். அதன்பின் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் மருந்து நிறுவனங்களை ஒருங்கிணைத்தது. பியோரியா நகர வேளாண் ஆய்வகம் மக்காச்சோளக் கழிவுநீரில் பூஞ்சை செழித்து வளர்வதைக் கண்டது. ஆழ்கலன்களில் நொதிக்கவைக்கும் முறை வளர்ந்தது. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது காயம்பட்டவர்களுக்குப் போதுமான பென்சிலின் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் இது நடந்ததற்கு அறிவியல் மட்டும் காரணமன்று. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும், யார் வாங்குவார் என்று ஓர் அரசு தெளிவாக முடிவெடுத்ததும் காரணம்.

சுதந்திர இந்தியாவும் அந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்றது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு 1954இல் புணே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் உருவானது. 1961இல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். தோன்றியது: ரிஷிகேஷில் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள், ஹைதராபாத்தில் செயற்கை மருந்துகள், சென்னையில் அறுவைக் கருவிகள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமையை விலக்கிச் செய்முறைக் காப்புரிமையை மட்டும் ஏற்றது. இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்தே இந்திய மருந்துத் தொழிலை வளர்த்தன. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி, முன்னர் ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றியவர் என்பது ஹைதராபாத்தில் பலரும் அறிந்த செய்தி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐ.டி.பி.எல். 1992இல் நலிவுற்ற நிறுவனங்களுக்கான வாரியத்திடம் சென்றது. 2016 டிசம்பரில் அதை மூட ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பெரும் அளவில், அரசு ஊக்கத்தோடு உற்பத்தி செய்த சீனாவிலிருந்து பென்சிலின்-ஜி மிகக் குறைந்த விலையில் வந்தது. இங்கே அதைச் செய்துவந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மாத்திரையாக்குவதிலும் ஏற்றுமதியிலும் நாம் உலகப் பெயர் பெற்ற அதே காலத்தில், நாம் இறக்குமதி செய்யும் மொத்த மருந்து மூலப்பொருள்களிலும் இடைநிலைப் பொருள்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாட்டிலிருந்து வரும் நிலை உருவாயிற்று. பென்சிலின்-ஜி இல்லையென்றால் பென்சத்தீன் ஊசி மட்டும் நிற்பதில்லை. அதிலிருந்து பெறும் 6-ஏ.பி.ஏ. என்ற இடைநிலைப் பொருளிலிருந்துதான் அமாக்சிசிலினும் ஆம்பிசிலினும் வருகின்றன.

இந்த முடிவுகளை எடுத்தவர்களை மூடர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மலிவான மூலப்பொருளால் மாத்திரை மலிந்தது. அந்த மலிவின் பயனை என் அம்மாவும் ஒவ்வொரு 21 நாளும் அடைந்தார். பொதுத்துறை ஆலைகளில் திறமைக்குறைவும் இருந்தது. மருந்து மூலப்பொருள் உற்பத்தி தூய்மையான தொழிலுமன்று: ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஆலைக் கழிவுநீரில் மிக அதிக அளவில் மருந்து எச்சங்கள் இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. உள்நாட்டு உற்பத்தி வேண்டும் என்று சொல்பவர், அந்த நீரைக் குடித்த ஊர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். என் கேள்வி வேறு. அன்றைய கணக்கில் விலை இருந்தது. அந்தப் பொருள் வராத நாளின் விலை இருந்ததா?

2020 மார்ச் அந்தக் கணக்கை நம் முன் வைத்தது. சீனாவில் ஆலைகள் முடங்கியபோது, பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. உலகின் மருந்தகம் தன் கதவைப் பாதி சாத்த வேண்டியிருந்தது. அதே மாதம் மூலப்பொருள் உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. மூன்று மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல். எல்லையில் எதிரே நிற்கும் நாட்டிடமிருந்தே காயத்துக்கான மருந்தின் மூலப்பொருளையும் எதிர்பார்க்கும் நிலையை அந்த ஆண்டு எல்லோரும் கண்டோம். அத்திட்டத்தின் பயனாக, ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே 2024இல் பென்சிலின்-ஜி ஆலை ஒன்று செயல்படத் தொடங்கியிருக்கிறது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளில் நாம் இழந்தது கட்டடங்களையும் கலன்களையும் மட்டுமா?

இங்கே என் வீட்டு உரிமையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாநகரை அடுத்த பகுதியில் அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்து, சில ஆண்டுகள் ரிஷிகேஷுக்கு மாற்றலாகிச் சென்று வந்தவர். நான் குப்பிகளோடு ஊர் போய்த் திரும்பிய கதையைக் கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “கலனில் வேறு கிருமி புகுந்துவிட்டால் ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே எங்கள் மேஸ்திரி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார், அம்மா. அந்த மூக்கை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அவர் கற்றுக்கொடுக்க ஆளும் வரவில்லை.” அந்தப் பேட்டையில் ஐ.டி.பி.எல். என்பது இன்று ஓர் இடப்பெயர். பேருந்தில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கும் இளைஞர்கள் பலருக்கு அது ஒரு மருந்தாலை என்பதே தெரியாது.

நான் ஆய்வு செய்வது அதிலாபாத் பகுதியில் பேசப்படும் கொலாமி மொழியை. ஒரு மொழிக்கு இலக்கணமும் அகராதியும் இருந்தாலும், ஒரு தலைமுறை தன் பிள்ளைகளிடம் அதைப் பேசுவதை நிறுத்திவிட்டால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றாடம் பார்க்கிறேன். தொழில் அறிவும் அப்படியே கைமாறுகிறது என்பதை அவர் சொன்ன பிறகே உணர்ந்தேன். காப்புரிமை ஆவணமும் இயந்திர வரைபடமும் அகராதியைப் போன்றவை. தேவை, ஆனால் போதா. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் புதிய ஆலையைத் திறக்கும் நாடு, பேசுபவர் அற்றுப்போன மொழியை ஒலிப்பதிவிலிருந்து கற்பவரின் நிலையில் இருக்கிறது. கற்கலாம், ஆனால் காலமும் செலவும் பன்மடங்கு.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது. போர் இல்லாத ஆண்டுகளில் நாடுகள் பொதுவாகத் தம் படையைக் கலைப்பதில்லை. வேண்டும்போது திரட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்லை. சில அடிப்படைப் பொருள்களின் உற்பத்தித் திறனையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. அது இயலாது, பயனுமில்லை. எது நின்றால் எதுவெல்லாம் நிற்கும் என்ற பட்டியலை எடுத்து, அவற்றில் ஒரு குறைந்தபட்சத் திறனையாவது அணையாமல் வைத்திருக்க வேண்டும். ஊக்கத்தொகை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அயல்நாட்டு விலை மீண்டும் வீழும் நாளில், அரசு மருத்துவமனைகள் உள்நாட்டுப் பொருளைத் தொடர்ந்து வாங்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் புதிய ஆலையும் பழையதன் வழியே போகும். அந்த விலை வேறுபாட்டைச் செலவு என்று எழுதாமல் பாதுகாப்புக்கான காப்பீடு என்று எழுத நம் நிதிநிலைக் கணக்குகள் பழக வேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. பரிமேலழகர் வகுத்த முறைப்படி, நாடு, அரண், படை ஆகியவற்றைப் பேசும் அங்கவியலின் கடைசி அதிகாரம் அது. அவ்வதிகாரம் பெரிதும் உணவின் அளவைப் பற்றியதே. எனினும் மருந்தைக் கோட்டையோடும் படையோடும் ஒரே இயலில் வைத்துப் படித்த மரபு நம்முடையது என்பதை நினைவில் கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசப் பாதுகாப்பு என்பது போரியல் துறையின் பாடம் மட்டும் என்று எண்ணாதீர்கள். வேதியியல், பொருளியல், சட்டம், வரலாறு என நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும், உங்கள் கையில் உள்ள ஒரு பொருளின் முதல் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நல்ல ஆய்வுத் தலைப்புகள் அங்கே காத்திருக்கின்றன.

தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஊசி நாள். அம்மா இப்போதெல்லாம் வட்டமிட்ட நாளுக்கு 10 நாள் முன்பே கடையில் கேட்டு வைத்துவிடுகிறார். இந்த முறை கிடைத்துவிட்டதாம்.